பூத்தொடுக்கும் கையில் மரத்துப்போன சுண்டுவிரல்: கத்தி இல்லாமல் குணமாகுமா?

கேள்வி

தாராவியில் குடியிருந்து, மாட்டுங்காவில் கோயில் அருகே பூக்கடை நடத்தும் 48 வயதுப் பெண்மணி ஒருவர், தம் மகளைக் கொண்டு எழுதுவித்து அனுப்பிய நீண்ட கடிதம் இது. அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

ஐந்து மாதங்களாக அவருக்கு வலக்கைச் சுண்டுவிரலும், மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியும், புறங்கையின் அந்தப் பக்கமும் மரத்துப்போகின்றன. இரவு இரண்டு, மூன்று மணிக்கு விறுவிறுப்பில் விழிப்புத் தட்டி, கையை உதறிவிட்டுத்தான் மறுபடி படுக்கிறார். கடந்த ஒரு மாதமாகச் சரம் தொடுக்கும்போது சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே விலகி நிற்கிறது. முடிச்சு இறுகாமல் மல்லிகை உதிர்கிறது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி 8.4 சதவீதம். குடும்ப மருத்துவர், சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரையும், இரவுக்கு ப்ரீகாபாலின் என்ற நரம்புவலி மாத்திரையும் கொடுத்தார். கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்ததால் கழுத்துப் பட்டையும் வந்து சேர்ந்தது. உறவுக்காரர் ஒருவர் அழைத்துப்போய், மூன்று முறை முழங்கையில் எண்ணெய் தேய்த்து 'நரம்பெடுத்து' விட்டதில் மரமரப்பு கூடியது. மகள் வாங்கிக் கொடுத்த இறுக்கமான முழங்கை உறையை இரவும் பகலும் போட்டிருக்கிறார்; காணொளி பார்த்து 'நரம்பை நீட்டும்' பயிற்சியைத் தினமும் ஐம்பது முறை செய்கிறார்.

கடைசியாகச் செய்த நரம்புக் கடத்தல் சோதனையில், முன்கையில் நொடிக்கு 57 மீட்டர் வேகத்தில் செல்லும் அல்நார் நரம்பின் (சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகும் நரம்பு) சமிக்ஞை, முழங்கையைக் கடக்கும் இடத்தில் 41 மீட்டராகக் குறைந்திருக்கிறது. தசையில் ஊசி வைத்துப் பார்த்த சோதனையில் நரம்பிழை அறுந்ததற்கான அடையாளம் இல்லை. ஒரு மருத்துவர் இந்த மாதமே அறுவை என்கிறார். இன்னொருவர் ஸ்டீராய்டு ஊசி போதும் என்கிறார். கணபதி பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அறுவை இல்லாமல் குணமாகுமா, ஊசி போட்டுக்கொள்ளலாமா, எதுவானாலும் நவராத்திரி முடியும்வரை தள்ளிப்போடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள அம்மா, உங்கள் மகள் எழுதிய வரிகளில் என்னை நிறுத்தியது மரமரப்பைப் பற்றிய பகுதி அல்ல. 'சுண்டுவிரல் தனியே விலகி நிற்கிறது' என்ற அந்த ஒரு வரிதான். சுண்டுவிரலை உள்பக்கம் இழுத்துச் சேர்க்கும் சிறு தசைக்கு அல்நார் நரம்பிலிருந்து ஆணை வருகிறது. அதை நிமிர்த்தும்போது சற்றே வெளிப்பக்கமும் இழுக்கும் தசைக்கோ வேறொரு நரம்பிலிருந்து. முதல் நரம்பு நெருக்கப்பட்டு, இரண்டாவது நலமாக இருந்தால் விரல் வெளியே போய் நிற்கும். சட்டைப் பைக்குள் கை விடும்போது சுண்டுவிரல் மட்டும் வெளியே மாட்டிக்கொள்கிறது என்று ஆண்கள் சொல்வார்கள். நீங்கள் அதைப் பூச்சரத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆகவே இது வெறும் மரமரப்போடு நிற்கும் ஆரம்பக் கட்டம் அன்று, சற்றே பலவீனமும் சேர்ந்த நடுத்தரக் கட்டம். கத்தி இல்லாமல் சரியாகும் வாய்ப்பு இன்னும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்த முயற்சிக்குக் கெடு ஒன்று உண்டு என்பதே என் பதில்.

கழுத்தா, சர்க்கரையா, முழங்கையா?

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஷாக் அடிக்கிறதே, அந்த இடத்தில் தொட்டுப் பாருங்கள். உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில், ஒரு நார்ப்பட்டைக்குக் கீழே, தோலுக்கு மிக அருகில் அல்நார் நரம்பு ஓடுகிறது. கையை மடக்கினால் அந்தப் பாதை குறுகித் தட்டையாகிறது, நரம்பு சில மில்லிமீட்டர் இழுபடுகிறது, உள்ளே அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. மணிக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் நரம்புக்குப் போகும் நுண்ணிய இரத்த ஓட்டம் தடைபட்டு, முதலில் மரமரப்பும் பிறகு பலவீனமும் வருகின்றன. மருத்துவ நூல்களில் இதற்குக் கியூபிடல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். கையில் நரம்பு நெருக்கப்படும் நோய்களில் மணிக்கட்டில் வருவதற்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இதுதான்.

உங்கள் கழுத்து எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானம் பொய்யில்லை. ஆனால் 48 வயதில் படம் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் அது தெரியும். கழுத்து நரம்பு அழுந்தியிருந்தால் மரமரப்பு பெரும்பாலும் முன்கையின் உள்பக்கம் முழுவதும் ஏறும், கழுத்தைத் திருப்பும்போது கூடும். உங்களுக்கு முன்கை தெளிவாக இருக்கிறது. மறுபுறம், புறங்கையில் சுண்டுவிரல் பக்கமும் மரத்துப்போவதால் நெருக்கம் மணிக்கட்டில் இல்லை. அந்தப் பகுதிக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிடலாம்.

சர்க்கரையைப் பொறுத்தவரை உங்கள் மருத்துவர் பாதி சரி. சர்க்கரையால் வரும் பொதுவான நரம்புப் பாதிப்பு இரண்டு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்கும். ஒரு கையின் ஒன்றரை விரலில் தொடங்காது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நரம்பு அழுத்தத்தைத் தாங்கும் சக்தி குறைந்தது. எனவே 8.4 என்பதைக் குறைப்பதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஆறு ஆண்டுகளாக மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அது பி12 சத்தைக் குறைக்கக் கூடியது என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கிச் சொல்கிறேன், நீங்கள் பதற வேண்டாம். நம் நாட்டில் முழங்கையில் இந்த நரம்பு பாதிக்கப்பட்டு யார் வந்தாலும், நரம்பு தடித்திருக்கிறதா, உடலில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துவிட வேண்டும். தொழுநோய் மிக விரும்பித் தாக்கும் நரம்பு இதுவே. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. இருந்தாலும், இரண்டு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையை யாரும் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே இருந்தாலும் முழுவதும் குணமாக்கும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் நிறுத்த வேண்டியவை

நீங்கள் ஒரு நோய்க்குப் பல வைத்தியம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அவற்றில் மூன்று நரம்பை மேலும் நெருக்குகின்றன. எண்ணெய் தேய்ப்பதை உடனே நிறுத்துங்கள். சுளுக்கு என்றால் தசையை நீவலாம். எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் எந்த மெத்தையும் இல்லாமல் கிடக்கும் நரம்பைக் கட்டைவிரலால் உருட்டினால் அது வீங்கும். இறுக்கமான உறையும் அப்படியே, அது பள்ளத்தின் மேல் ஓயாமல் கை வைத்து அழுத்துவதற்குச் சமம். காணொளிப் பயிற்சியில் உள்ளங்கையைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுவந்து முகமூடி போல வைக்கும் நிலை இருக்கிறது என்று மகள் படம் வரைந்தே அனுப்பியிருக்கிறார். முழங்கையை முழுக்க மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்து, விரல் மரக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பரிசோதனை முறை. நோயைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரே ஒருமுறை செய்வதைக் குணமாக்குவதற்காக நீங்கள் நாளுக்கு ஐம்பது முறை செய்கிறீர்கள். நரம்பை மெல்ல முன்னும் பின்னும் நழுவவிடும் பயிற்சி வேறு. அதைச் சிகிச்சையாளர் ஒருவர் நேரில் கற்றுக்கொடுக்க வேண்டும், வேளைக்கு ஐந்தாறு முறைக்கு மேல் போகக் கூடாது, விறுவிறுப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

ப்ரீகாபாலின் மரமரப்பின் தொல்லையை மழுங்கடிக்கும், நெருக்கத்தை விலக்காது. விடியற்காலை தாதர் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது தலை சுற்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள், ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். சத்து மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்: பி6 எவ்வளவு என்று போட்டிருக்கும். நாளுக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் பல மாதம் சாப்பிட்டால் பி6 தானே நரம்பைக் கெடுக்கக் கூடும்.

முழங்கையின் இருபத்துநான்கு மணி நேரம்

இந்த நோய்க்கு மருந்துக் கடையில் சிகிச்சை கிடையாது. முழங்கை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மடங்கியிருக்கிறது, எத்தனை மணி நேரம் எதன் மேலாவது ஊன்றியிருக்கிறது என்பதை மாற்றுவதுதான் சிகிச்சை. இதைச் சொன்னால் நோயாளிகள் முகம் வாடிவிடுகிறது, மாத்திரை எழுதாத மருத்துவர் எதையும் செய்யவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன். லேசான, நடுத்தரப் பாதிப்புள்ள 70 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழங்கை மடங்காமல் தடுக்கும் இரவுப் பட்டை, ஒரு பிரிவுக்கு நரம்பு நழுவும் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு நோய் எப்படி வருகிறது, கையை எப்படி வைக்கக் கூடாது என்ற விளக்கம் மட்டும். ஆறு மாதம் வரை தொடர்ந்து வந்த 57 பேரில் 51 பேருக்கு முன்னேற்றம் இருந்தது. மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விளக்கம் மட்டும் கேட்டுப்போனவர்களும் மற்றவர்களைப் போலவே தேறினார்கள். அந்த ஆய்வில் தசை மெலிந்துபோன கடுமையான நோயாளிகள் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். உங்களைப் போல விரல் விலகி நிற்பவர்களுக்குத் தேறும் வாய்ப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இரவிலிருந்து தொடங்குவோம். தூங்கும்போது நாம் எல்லோருமே கையை மடக்கித் தலையணைக்கு அடியிலோ தாடைக்குக் கீழோ வைத்துக்கொள்கிறோம். உங்களை இரண்டு மணிக்கு எழுப்புவது அதுதான். ஒரு பழைய பருத்திக் குளியல் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டி, மேலும் கீழும் துணிநாடாவால் கட்டுங்கள். துண்டின் கனம் முழங்கையின் முன்மடிப்பில் இருக்க வேண்டும், பின்பக்கப் பள்ளத்தில் இருக்கக் கூடாது. கை லேசாக, 30 முதல் 45 பாகை வரை மடங்கலாம். அதற்கு மேல் மடங்கத் துண்டு விடாது. கையை விறைப்பாக நீட்டிக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் நீங்களே அவிழ்த்து எறிந்துவிடுவீர்கள். மும்பைப் புழுக்கத்தில் துண்டு தாங்கவில்லை என்றால், சயான் மருத்துவமனையிலோ கே.இ.எம்.மிலோ உள்ள தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் உங்கள் கைக்கு அளவெடுத்து இலேசான பிளாஸ்டிக் பட்டை செய்துகொள்ளக் கேட்கலாம். ஹாஜி அலியில் உள்ள மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும் இத்தகைய பட்டைகளுக்கு ஏற்ற இடம்.

பகலில் உங்கள் தொழிலே சோதனை. கடைப் பலகையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, நூலை நெஞ்சருகே பிடித்துத் தொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பலகையில் ஊன்றுவது அழுத்தம், நெஞ்சருகே பிடிப்பது மடக்கம்; ஆறு மணி நேரம் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. நூலின் நுனியை எதிரே ஓர் ஆணியிலோ கொக்கியிலோ கட்டிவிட்டு, பூத்தட்டை மடி உயரத்துக்கு இறக்கி, கையைப் பாதி நீட்டிய நிலையில் தொடுத்துப் பாருங்கள். முதல் வாரம் முழம் குறையும், பிறகு கை பழகிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு இரண்டு மூச்சு விடுங்கள். செவ்வந்தித் தோரணம் கோக்கும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். ஊசியைக் கிள்ளிப் பிடிப்பது இப்போது பலவீனமான அதே தசைகளின் வேலை.

தாதரிலிருந்து வரும்போது கூடையைத் தலையில் வைத்து வலக்கையால் பிடிக்கிறீர்களா, அல்லது முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்கிறீர்களா என்று எழுதவில்லை. இரண்டுமே கூடாது. தோளில் மாட்டும் பையோ, சக்கரம் வைத்த தள்ளுவண்டியோ, யாருடனாவது சேர்ந்து டாக்சியோ, எது கட்டுப்படியாகிறதோ அது. லோக்கல் ரயிலில் மேல் கைப்பிடியை இடக்கையால் பிடியுங்கள். செல்பேசியைக் காதோடு வைத்துப் பேசுவதை விட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள்; வாடிக்கையாளர் பேரம் பேசுவது பக்கத்துக் கடைக்குக் கேட்டால் கேட்கட்டும்.

ஊசி பற்றி

முழங்கையில் ஸ்டீராய்டு ஊசியை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தில் அது பலருக்குத் தற்காலிக நிம்மதி தருகிறது. அதைப் பார்த்துத்தான் முழங்கைக்கும் சொல்கிறார்கள். ஆனால் வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனையில் முழங்கையில் அது கூடுதல் பலன் தந்ததாகத் தெரியவில்லை. உங்களுக்கோ, போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரையும் ஏறும். நரம்பிலேயே ஊசி படும் சிறிய அபாயமும் இருக்கிறது. கிடைக்கும் லாபம் சொற்பம் என்னும்போது இந்த இரண்டையும் ஏன் ஏற்க வேண்டும்?

எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

நான் கையில் அறுவை செய்து பிழைப்பவன். அப்படியிருந்தும் இந்த மாதமே கத்தி வைக்க வேண்டும் என்று சொன்னவரோடு எனக்கு உடன்பாடில்லை. நரம்பின் வேகம் குறைந்திருப்பது அதன் மேலுறை நைந்திருப்பதைக் காட்டுகிறது. உள்ளிழைகள் அறவில்லை என்று ஊசிச் சோதனை சொல்கிறது. மேலுறை, அழுத்தம் விலகினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகும். இழை அறுந்துபோனால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசை வரை முப்பது சென்டிமீட்டர் என்று வைத்தால் பத்து மாதம். அதற்குள் தசை நைந்துவிட்டால், பிறகு எந்த அறுவையும் அதை முழுவதும் மீட்காது. தொடுஉணர்வு எவ்வளவோ காலம் கழித்தும் ஓரளவு திரும்பும், ஆனால் தசைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆகவே ஆறு வாரம் மேற்சொன்ன முறையை ஒழுங்காகச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலை என்று வைத்துக்கொண்டு, மகளை அருகில் வைத்து இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடியுங்கள், மகள் இழுக்கட்டும். தாளை விடாமலிருக்க வலக்கைக் கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்குகிறதா என்று இடக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, இரண்டு கைகளையும் விளக்கடியில் குப்புற வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையிலுள்ள மேல்சதையைப் பாருங்கள். இடக்கையில் மேடாக இருப்பது வலக்கையில் குழிந்திருந்தால் தசை மெலிகிறது என்று பொருள். குழிவு தெரிந்தால் ஆறு வாரக் கணக்கு செல்லாது, அந்த வாரமே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். மரமரப்பு விட்டுவிட்டு வருவது மாறி நாள் முழுவதும் நிலைத்துவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. இரண்டு கைகளும் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, தோள்வலியோடு எடை குறைந்தாலோ அது வேறு நோய். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆறு வாரத்தில் இரவுத் தூக்கம் கலைவது குறைந்து, விரல் சற்றாவது உள்ளே வந்திருந்தால் மூன்று மாதம் வரை தொடரலாம். அப்போது நரம்புச் சோதனையைத் திரும்பச் செய்து ஒப்பிடுவோம். மாற்றமே இல்லை என்றாலோ தாள் சோதனை மோசமானாலோ, கணபதிக்கு முன்பே அறுவை செய்துகொள்ளுங்கள். நவராத்திரி முடியட்டும் என்ற உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது, வருட வருமானத்தில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான். ஆனால் பலவீனம் கூடும் கையோடு அந்த நாட்களில் இரவு பகலாகப் பூத்தொடுப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. அறுவையும் நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல. மேலே சொன்ன நார்ப்பட்டையைப் பிரித்துவிடும் எளிய முறையே பெரும்பாலோருக்குப் போதும்; நரம்பை முன்பக்கம் இடம் மாற்றும் பெரிய முறை அதைவிடச் சிறந்தது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை, புண்ணில் கிருமித் தொற்றுதான் அதில் அதிகம். கையை மடக்கும்போது நரம்பு எலும்பைத் தாண்டி வழுக்குபவர்களுக்கு மட்டும் அந்தப் பெரிய முறை தேவைப்படலாம். உங்களுக்கு எந்த முறை, ஏன் என்று கேளுங்கள். சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு போனால் புண்ணும் சீக்கிரம் ஆறும்.

சோதனை செய்த இடத்தில் வரைபடங்களைத் தராமல் ஒரு வரிச் சுருக்கம் மட்டும் தந்தார்கள் என்று மகள் குறைப்பட்டிருக்கிறார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேட்டு, தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட அந்தத் தாள்கள் வேண்டும். அவற்றோடு, இன்றைக்கே இரண்டு புறங்கைகளையும் அருகருகே வைத்து ஒரு புகைப்படம் எடுத்துத் தேதியோடு மகளின் செல்பேசியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆறாவது வாரம் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.